வண்ணத்துப்பூச்சித் திருக்கை என்ன இனம்? கொட்டுமா, சாப்பிடலாமா?

கல்முனையில் கரைவலையில் வந்த, நீளத்தைவிட இரண்டு மடங்கு அகலமான திருக்கை எது என்று கேட்டிருக்கிறீர்கள். வாலில் கறுப்பும் வெள்ளையுமாக வளையம் இருந்தது என்கிறீர்கள். அப்படியென்றால் அது வண்ணத்துப்பூச்சித் திருக்கைதான். உலகம் முழுக்கச் சூடான, மிதமான கடல்களில் பத்துக்கும் மேற்பட்ட வகை உண்டு. எல்லாம் ஒரே குடும்பம். சுறாவைப் போல இவற்றுக்கும் எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். குருவித் திருக்கையும் கொம்புத் திருக்கையும் நீந்தித் திரிகிறவை. இது ஆழம் குறைந்த மணலில் உடம்பைப் புதைத்துக்கொண்டு கிடக்கும். அதனால்தான் கரையோரம் அரித்து வரும் வலையின் மடியில், கீரி, சூடை போன்ற சின்ன மீன்களோடு சேர்ந்து வந்துவிடுகிறது.

கொட்டுமா என்றால், கொட்டலாம். ஆனால் முள் சின்னது, வாலின் அடியிலேயே இருக்கிறது, வாலும் சாட்டை போல நீளமில்லை. சில வகைக்கு முள்ளே இல்லை. வலை பிரிக்கும்போது வால் பக்கம் கை போகாமல் பார்த்தால் சரி. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டு நீரில் அந்த இடத்தை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எனக்குப் பிடித்த விஷயம் இதன் பேறு. முட்டை இடாது, குட்டி போடும். வயிற்றுக்குள் குட்டி முதலில் கருவோடு ஒட்டிய மஞ்சள் கருவைத் தின்னும். அது தீர்ந்தபின் கருப்பைச் சுவரிலிருந்து நூல் நூலாக நீட்டிக்கொண்டிருக்கும் இழைகள் பால் போன்ற ஒன்றைச் சுரக்கும். கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருந்த விலங்கியலாளர் வூட்-மேசனும், அவரோடு சேர்ந்து அல்கொக்கும் 1891இல் எழுதியது இன்னும் வியப்பு: அந்த நூல்கள் குட்டியின் கண்ணுக்குப் பின்னாலுள்ள துளை வழியாகத் தொண்டைக்குள்ளேயே போகின்றனவாம்! பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா கொடுக்கும் நம் ஆட்களுக்கு இது கேட்கவே பிடிக்கும். பிறக்கும்போது இரண்டு செட்டையையும் சுருட்டிக்கொண்டுதான் வெளியே வரும்.

ஆனால் நீண்டவால் வகை (மற்ற வண்ணத்துப்பூச்சித் திருக்கைகளைவிட வால் நீண்டது) ஒரு தடவைக்கு ஏழு குட்டி வரைதான் போடும். வலையில் மாட்டிய சினைத் திருக்கை பிடிபட்ட அதிர்ச்சியில் குட்டிகளைக் கரையிலேயே போட்டுவிடுவதுண்டு. இந்த வகை இப்போது அழியக்கூடியவற்றின் உலகப் பட்டியலில் இருப்பதில் ஆச்சரியமில்லை.

சாப்பிடலாம், திருக்கைக் கறி என்றால் அதேதான். சுறாவைப் போல உடம்பில் யூரியா வைத்திருக்கும் மீன் என்பதால், செத்துக் கொஞ்ச நேரம் போனால் அமோனியா நாற்றம் ஏறிவிடும். அன்றைக்கு வந்ததாக இருந்தால் மிளகும் உள்ளியும் தூக்கலாகப் போட்டுப் புளி விட்டுச் சமையுங்கள். மூக்கில் குத்தினால் அதை வாங்காதீர்கள், எத்தனை ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும்.