ஆறு கருவிக்கு 48 போர்ட் எதற்கு?

கேள்வி: எங்கள் அலுவலகம் கோத்தகிரியில், தேயிலை ஃபேக்டரி கீழ்க்கோத்தகிரிப் பக்கம். ஃபேக்டரி ரேக்கில் ஒரு ரவுட்டர், ஒரு ஃபயர்வால், மூன்று ஸ்விட்ச். தள்ளியிருக்கும் இலை எடைபோடும் ஷெட்டில் இன்னொரு ஸ்விட்ச். எது தொங்கினாலும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஓட வேண்டியிருக்கிறது. கோவை வியாபாரி ஒருவர் 48 போர்ட் கன்சோல் சர்வருக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். உள்ளே என்னென்ன பாகங்கள் இருக்க வேண்டும்? ஏமாறாமல் வாங்குவது எப்படி? (வாசகர், கோத்தகிரி)

பதில்: ஆறு கருவிக்கு 48 போர்ட்டா? அந்தக் கொட்டேஷனை மடித்து உள்ளே வையுங்கள். 8 போர்ட் பெட்டி தாராளம்.

கன்சோல் சர்வர் என்பது ஒரு சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர்தான். ஒரு பிராசசர், கொஞ்சம் மெமரி, ஃப்ளாஷ், ஒன்றோ இரண்டோ ஈதர்நெட், வரிசையாக சீரியல் போர்ட்டுகள். நெட்வொர்க் செத்துப் போனாலும் ரவுட்டரின் கன்சோல், அதாவது நேராக கேபிள் செருகிக் கட்டளை கொடுக்கும் போர்ட், வழியே உள்ளே நுழைய அது உதவும். வியாபாரி பிராசசர் வேகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காதில் வாங்காதீர்கள். கன்சோல் பொதுவாக ஓடுவது நொடிக்கு 9600 பிட் வேகத்தில்; ஓர் எழுத்துக்குப் பத்து பிட். அதாவது நொடிக்கு 960 எழுத்து. அதற்கு எந்தப் பிராசசரும் போதும்.

‘கன்சோல்’ என்று சொல்லிவிட்டு மானிட்டரும் கீபோர்டும் மடித்து வைத்த ட்ராயரைத் தலையில் கட்டுபவர்களும் உண்டு. அது கேவிஎம், ஒரே மானிட்டர், கீபோர்டில் பல கம்ப்யூட்டர்களை இயக்குவதற்கானது. உங்கள் ஸ்விட்சில் அதைச் செருக இடமே இருக்காது.

சீரியல் போர்ட்டில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல, ஒயரிங்கை. பார்க்க நெட்வொர்க் சாக்கெட் மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே ஓடுவது ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் சிக்னல். சில பெட்டிகளுக்குச் சாதாரண நேர் கேபிள் போதும், சிலவற்றுக்கு ஒரு முனையில் ஒயர் வரிசை தலைகீழாக இருக்கும் ரோல்ஓவர் கேபிள் வேண்டும். மாற்றிச் செருகினால் திரை காலியாகவே நிற்கும். வந்தவர் “போர்ட் போயிடுச்சு” என்று சொல்லிவிட்டு அதற்கும் பில் போடுவார். ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் பொருந்தும் கேபிளைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். திரையில் குப்பை எழுத்து வந்தால் வேகம் பொருந்தவில்லை என்று அர்த்தம்: சிஸ்கோ 9600, மைக்ரோடிக் 115200. யுஎஸ்பி கன்சோல் மட்டும் உள்ள ஸ்விட்ச் ஏதாவது உங்களிடம் இருந்தால், பெட்டியின் யுஎஸ்பி போர்ட் அதை ஏற்குமா என்றும் கேளுங்கள்.

பணம் செலவழிக்க வேண்டிய இடம் மோடம். ரேக்கில் உள்ள அதே இன்டர்நெட் இணைப்பில் கன்சோல் சர்வரையும் மாட்டினால், அந்த இணைப்பு போகும் நாளில் இதுவும் போய்விடும். நம் மலையில் ஃபைபர் பெரும்பாலும் சாலையோரமாகத்தான் வருகிறது. மண்சரிவோ ஜேசிபியோ, ஏதோ ஒன்று அதைத் துண்டித்துவிடும். எனவே தனியாக ஒரு சிம் வழி கட்டாயம்.

தரகர்கள் அதிகம் விளையாடுவதும் இதில்தான். வெளிநாட்டில் கழித்துக்கட்டிய பெட்டிகள் ‘ரீஃபர்பிஷ்ட்’ என்ற பெயரில் இங்கே வருகின்றன. உள்ளே 3ஜி மோடம் இருந்தால் அது பாரம்தான். ஏர்டெல் 2020-இலேயே 3ஜியை மூடிவிட்டது, ஜியோவில் அது இருந்ததே இல்லை. 4ஜி என்று போட்டிருந்தாலும் அமெரிக்க மாடலாக இருந்தால் 2, 4, 12, 13 என்ற பேண்டுகளை (அலைவரிசைகளை) எதிர்பார்க்கும். நமக்கு வேண்டியது 3, 5, 8, 40. பிஎஸ்என்எல் சிம் போடுவதாக இருந்தால் 28-உம் சேர்த்து. மோடத்தின் மாடல் எண்ணைக் கேட்டு வாங்கி, பேண்டுகளை நீங்களே சரிபாருங்கள். “எல்லா சிம்மும் எடுக்கும் சார்” என்பது பதில் இல்லை.

இன்னொன்று: சாதாரண சிம்மில் உங்களுக்கென்று தனி ஐபி முகவரி கிடைக்காது, வெளியிலிருந்து அழைத்தால் பெட்டிக்கு வந்து சேராது. பெட்டியே உள்ளிருந்து விபிஎன் (இன்டர்நெட்டுக்குள் போடும் பூட்டிய தனிப் பாதை) மூலம் கோத்தகிரி அலுவலகத்தை அழைத்து, இணைப்பைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அலுவலகத்தில் ஸ்டேட்டிக் ஐபி, அதாவது மாறாத முகவரி, வேண்டும். இந்த விபிஎன் வசதிக்குத் தனியாக ஆண்டுக் கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சரி, எடைபோடும் ஷெட். ரேக்கில் உள்ள ஐந்துக்கும் நேராக கேபிள் போடலாம், இதற்கு மட்டும் கூடாது. ஆர்எஸ்-232-க்குப் பழைய கணக்கில் 15 மீட்டர்தான் எல்லை. 9600 வேகத்தில் அதைத் தாண்டியும் ஓடும், அதனால் வியாபாரி “ஓடும்” என்பார். ஓடவும் செய்யும், ஏப்ரல் இடிமழை வரும்வரை. இந்த சிக்னலுக்கு இரண்டு முனைக்கும் பொதுவான கிரவுண்ட் ஒயர் வேண்டும். ஃபேக்டரிக்கு ஒரு எர்த், ஷெட்டுக்கு வேறு எர்த். பக்கத்தில் மின்னல் இறங்கினால் இரண்டு எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் எகிறும், அந்தக் கரண்ட் பாய்வது உங்கள் மெல்லிய கேபிள் வழியாக. போர்ட் மட்டும் போனால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டே கருகும். சர்ஜ் புரொடெக்டர் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். எர்த்திங்கே ஒழுங்காக இல்லாத ஷெட்டில் அது எங்கே கொண்டுபோய்க் கரண்டை இறக்கும்?

அங்கே ஏற்கெனவே ஃபைபர் போயிருந்தால், அதில் சும்மா கிடக்கும் கோர்களில் (இழைகளில்) ஒரு ஜோடியை எடுத்து, இருபுறமும் சீரியல்–ஃபைபர் கன்வெர்ட்டர் வையுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. ஆனால் ஆர்மர்ட் கேபிளாக இருந்தால் உறையில் இரும்பு இருக்கிறது. அதை எர்த் செய்யாமல் ரேக்குக்குள் கொண்டுவராதீர்கள். கன்வெர்ட்டர் வேண்டாம், ஷெட் ஸ்விட்சின் ஈதர்நெட்டிலேயே டிவைஸ் சர்வர் (ஒரே ஒரு சீரியல் போர்ட்டை நெட்வொர்க் வழியே எடுத்துக்கொடுக்கும் சின்னப் பெட்டி) மாட்டலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஸ்விட்ச் தொங்கும்போது அதுவும் கூடவே தொங்கும்.

அப்புறம் பவர். முழுசாக உறைந்துபோன ஸ்விட்சைக் கன்சோலால் எழுப்ப முடியாது, மின்சாரத்தை வெட்டித்தான் திரும்பக் கொடுக்க வேண்டும். அதற்குத் தொலைவிலிருந்து ஆன்–ஆஃப் செய்யும் பிடியு (பல பிளக் கொண்ட பவர் ஸ்ட்ரிப்) ஒன்று வேண்டும், அதைக் கன்சோல் சர்வரோடு இணைக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வைஃபை பிளக் வாங்காதீர்கள்; செத்த ரவுட்டரின் வைஃபையை நம்பித்தான் அது இருக்கிறது. இரட்டை பவர் சப்ளைக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். இரண்டு தனித்தனி யுபிஎஸ் இல்லாத இடத்தில் அது பெரும்பாலும் வீண். ஃபேன் இல்லாத மாடலாக எடுங்கள். தேயிலைத் தூசு உள்ளே போகாது.

ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரும் யுஎஸ்பி–சீரியல் ஒயரும் வைத்துச் செய்யலாமா என்றும் நினைத்திருப்பீர்கள். செய்யலாம், ஆனால் போலி சிப் ஒயர்கள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. 2014-இல் இந்த சிப்புகளைச் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் விண்டோஸ் டிரைவர் போலிகளைக் கண்டுபிடித்துச் செயலிழக்கவே வைத்தது. மலிவான சிப்புகளில் பலவற்றுக்குத் தனி சீரியல் எண் கிடையாது, ரீபூட் ஆனதும் எந்த ஒயர் எந்தக் கருவி என்று இடம் மாறிவிடும். நீங்கள் ரவுட்டர் என்று நினைத்து ஃபயர்வாலை ரீஸ்டார்ட் செய்வீர்கள். கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் அதன் எஸ்டி கார்டும் நிலைக்காது. ஃபேக்டரிக்கு வேண்டாம்.

உங்கள் நிர்வாகம் மூன்று கொட்டேஷன் வாங்கிக் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும், தெரியும். குறைந்த விலைக்காரர் மோடத்தை விட்டுவிட்டுத்தான் குறைத்திருப்பார். பிறகு கோவையிலிருந்து சர்வீஸ் ஆள் வர வேண்டும். 2024 மே முதல் நீலகிரிக்குள் வரும் வெளி மாவட்ட வண்டிக்கு இ-பாஸ். 2025 ஏப்ரலில் சீசனுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. ரோஜா பார்க்க வருபவரும் உங்கள் ஸ்விட்சை எழுப்ப வருபவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இதை யாரிடம் சொல்வது?

ஆகவே பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். பெட்டி மாட்டியதும் ஃபேக்டரியின் ஃபைபரைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, நீங்கள் கோத்தகிரியிலிருந்து சிம் வழியாக உள்ளே போங்கள். ஆறு கருவியிலும் லாகின் வர வேண்டும், ஒன்றையாவது ஆஃப் செய்து ஆன் செய்ய முடிய வேண்டும். அதற்குப் பிறகு பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.