இரண்டு படியும் ஒரு பாத்ரூம் கதவும்

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. போன வருடம் மாடியிலிருந்து விழுந்ததில் தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அச்சகத்தில் கணக்கு எழுதியவர், இப்போது கட்டிலே கதி. "இனி என்ன வாழ்க்கை" என்கிறார். நான் என்ன செய்வது? - பெரம்பூர் வாசகி

பதில்: அம்மா, முதல் வருடத்தில் பலரும் சொல்கிற வார்த்தைதான் அது. அதையே முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடுமையான ஊனமுள்ள 153 பேரிடம் பேசி 1999-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 54 சதவீதம் பேர் தங்கள் வாழ்க்கை நன்றாகவே இருப்பதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் சொன்ன குறைகளில் முக்கியமானவை வலி, அசதி, உடம்பு தன் கட்டுப்பாட்டில் இல்லாதது.

அதனால் முதலில் வலியையும் சிறுநீர்ப் பிரச்சினையையும் கவனியுங்கள். கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனையில் இதற்கென்றே மருத்துவர்கள் இருக்கிறார்கள். வீல்சேரில் உட்கார்ந்தால் அரை மணிக்கு ஒருமுறையாவது கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். இல்லையென்றால் படுக்கைப் புண் வந்துவிடும்.

அப்புறம் வீடு. பாத்ரூம் கதவை அளந்து பாருங்கள். டேப்பின் ஒரு முனையை அவர் பிடிக்கட்டும். 32 அங்குல இடைவெளி இருந்தால் வீல்சேர் தாராளமாக நுழையும். வாசல் படிக்குச் சாய்தளம் போட்டால் ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் வேண்டும். இரண்டு படி என்றாலே சுமார் 12 அடி. பெரம்பூர் சந்தில் அதற்கு எங்கே இடம் என்பீர்கள். வளைத்துப் போடலாம், கொத்தனாரோடு உட்கார்ந்து பேசுங்கள். கட்டிலும் வீல்சேர் சீட்டும் ஒரே உயரத்தில் இருந்தால் அவரே மாறி உட்காரப் பழகலாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். சீப்பைக்கூட நீங்கள்தான் எடுத்துக் கொடுக்கிறீர்களா? நிறுத்திவிடுங்கள். கணக்கு எழுதக் கையும் கண்ணும் போதும். அச்சகக்காரரிடம் பில்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள், பாதிச் சம்பளமானாலும் சரி.

தூக்கம் போய், சாவைப் பற்றிப் பேசினால் தாமதிக்க வேண்டாம். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற இலவச எண்ணிலும் தமிழில் பேசலாம்.

கொஞ்சம் தேறியதும் மெரினாவுக்குக் கூட்டிப் போங்கள். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணலின் மேல் போட்ட மரப்பாதை வழியாக வீல்சேரிலேயே கடலருகே போகலாம். 2022 நவம்பரில் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். பாதை திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்து போனால் நல்லது.