போர்ட் 20050: யார் யாரை அழைப்பது?

வணக்கம் ஐயா,

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து எழுதுகிறேன். எபேனில் ஒரு வணிக நிறுவனத்தின் சர்வர்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை. க்யூர்பிப், ஃப்ளாக், ரோட்ரிக்ஸ் தீவு ஆகிய கிளைகளில் தலா ஓர் உபுண்டு சர்வர். எபேனில் இருக்கும் ஸாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் சர்வர் அவற்றைக் கண்காணிக்கிறது. பாதுகாப்புக்காக, கிளை சர்வர்களில் ஓடித் தகவல் தரும் ஸாபிக்ஸ் ஏஜென்டின் போர்ட்டை (இணைப்பு வரும் வாசல் எண்ணை) 10050இலிருந்து 20050க்கு மாற்றினேன். ஸாபிக்ஸ் திரையிலும் மாற்றினேன், வெளியிலிருந்து வரும் அழைப்பைச் சர்வருக்குத் திருப்பிவிட கிளை ரவுட்டர்களில் போர்ட் ஃபார்வர்டிங்கும் போட்டேன். உடனே எல்லாம் சிவப்பு. கிளை சர்வர்களில் உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை அணைத்ததும் பச்சையாகிவிட்டது. 20050 நல்ல எண்தானா? வேறு எண் வைக்கலாமா? புரொமீதியஸ் என்ற வேறு கண்காணிப்பு மென்பொருளுக்கு மாறினால் இந்தத் தொல்லை தீருமா? என் தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

க.

அன்புள்ள தம்பி,

பிழை எதுவும் இல்லை. நாள் முழுக்கக் கிரியோலும் பிரெஞ்சும் பேசும் அலுவலகத்தில் இருந்துகொண்டு இவ்வளவு நேராகத் தமிழில் கேட்டிருக்கிறீர்கள். இன்னும் நிறைய எழுதுங்கள்.

ஆனால் ஃபயர்வாலை அணைத்தீர்களே, அதை என்னால் சும்மா விட முடியாது. சாவி பொருந்தவில்லை என்று கதவையே கழற்றி வைத்திருக்கிறீர்கள். நடந்தது இதுதான்: ஏஜென்ட் 20050க்குப் போய்விட்டது, யுஎஃப்டபிள்யூ விதியில் 10050 அப்படியே நிற்கிறது. விதியில் இல்லாத போர்ட்டுக்கு வரும் தகவல் பொட்டலத்தை (பாக்கெட்டை) யுஎஃப்டபிள்யூ பதில் சொல்லாமல் போட்டுவிடும். ஸாபிக்ஸ் காத்திருந்துவிட்டு டைம்அவுட் என்று சொல்லியிருக்கும். அந்த வரியைப் படித்திருந்தால் அணைக்கத் தேவையே வந்திருக்காது. பிழைச் செய்தி ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. டைம்அவுட் என்றால் பெரும்பாலும் வழியில் ஒரு ஃபயர்வால். கனெக்‌ஷன் ரிஃப்யூஸ்ட் என்றால் பொட்டலம் இயந்திரம் வரை போய்விட்டது, அந்த எண்ணில் கேட்பவர் இல்லை. ஏஜென்ட் ஓடவில்லை, அல்லது அதன் அமைப்புக் கோப்பின் லிசன்ஐபி வரியில், தன் இயந்திரத்தை மட்டும் குறிக்கும் 127.0.0.1 இருக்கிறது. எம்டி ரெஸ்பான்ஸ் என்றால் ஏஜென்ட் கதவைத் திறந்து ஆளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அதே கோப்பின் 'சர்வர்' வரியில் எபேன் ஐபி தவறாக இருக்கும்.

இன்றைக்கே ஃபயர்வாலை மறுபடி போடுங்கள். வரிசை முக்கியம். முதலில், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சுக்கான போர்ட் 22ஐ அனுமதியுங்கள், பிறகு இயக்குங்கள். மாற்றிச் செய்தால் உங்களையே வெளியே தள்ளிப் பூட்டிக்கொள்வீர்கள். க்யூர்பிப் என்றால் காரில் போய்விடலாம், ரோட்ரிக்ஸுக்கு விமானம் ஏற வேண்டும்.

எண்ணை மாற்றுவதால் பாதுகாப்பு அதிகமாகிவிடாது. போர்ட் ஸ்கேன் ஓட்டுகிறவனுக்கு 20050ஐக் கண்டுபிடிக்கச் சில நிமிடம் போதும். குழம்பப்போவது உங்களுக்குப் பின் அந்த நாற்காலிக்கு வருகிறவர்தான். புரொமீதியஸும் தீர்வல்ல. அதற்காகச் சர்வரில் ஓடித் தகவல் தரும் நோட் எக்ஸ்போர்ட்டர் போர்ட் 9100இல் உட்கார்ந்திருக்கும், புரொமீதியஸ் அதைத் தேடி உள்ளே வரும். இதே சிக்கல்தான்.

நான் சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருப்பது வேறொன்று. உங்கள் கடிதம் அதைத்தான் தொட்டது. கண்காணிப்பில் முதல் கேள்வி யார் யாரை அழைப்பது என்பது. நீங்கள் வைத்திருப்பது பாசிவ் முறை: எபேன் ஒவ்வொரு கிளையையும் கூப்பிட்டுக் கேட்கிறது. அதற்காக மூன்று ரவுட்டர்களில் உலகம் முழுவதற்கும் ஓட்டை போட்டிருக்கிறீர்கள். ஆக்டிவ் முறையில் கிளையிலுள்ள ஏஜென்டே எபேனின் போர்ட் 10051க்குப் பேசும். கிளையில் உள்வரும் போர்ட் ஒன்றுகூடத் திறக்க வேண்டாம், ஃபார்வர்டிங் மூன்றையும் அழித்துவிடலாம். திறந்திருக்க வேண்டியது எபேனில் ஒரே ஒரு போர்ட்.

இதைவிடப் பெரிய காரணம் நம் ஊரில் இருக்கிறது. நவம்பரிலிருந்து மே வரை புயல் காலம். மூன்றாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை வந்தால் அலுவலகத்தில் ஆளிருக்காது. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயித் தெருக்களில் கார்களை வெள்ளம் இழுத்துப் போனதைப் பார்த்தவர்கள் நாம். இணைப்பு அறுந்தால் பாசிவ் முறையில் எபேன் கேட்கவே முடியாது. கேட்காத அளவீடு எதுவும் பதிவாகாது. புயல் முடிந்து பார்த்தால் வரைபடத்தில் வெறும் பள்ளம். டிஸ்க் எப்போது நிறைந்தது, சர்வர் எத்தனை மணிக்கு அணைந்தது, எதுவும் தெரியாது.

ஆக்டிவ் முறையில் ஏஜென்ட் தன் பாட்டுக்கு அளந்துகொண்டே இருக்கும். ஆனால் சேமிப்பு வெறும் நினைவகத்தில்தான், அதுவும் கொஞ்சம். ஏஜென்டின் புதிய வடிவமான ஏஜென்ட் 2 போடுங்கள். அதில் பெர்சிஸ்டன்ட் பஃபர் என்ற வசதி வட்டிலேயே எழுதி வைக்கும். தானாக இயங்காது, 1 என்று வைத்து இயக்க வேண்டும், கோப்பின் இடத்தையும் சொல்ல வேண்டும். காலம் எதுவும் சொல்லாவிட்டால் ஒரு மணி நேரம்தான். புயலுக்கு ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு? மூன்று நாள் வையுங்கள். கிளையில் ரவுட்டர், சுவிட்ச், கேமரா என்று பல பொருள்கள் இருந்தால் அவற்றின் தகவலை அங்கேயே சேகரித்து எபேனுக்கு அனுப்பும் ஸாபிக்ஸ் புராக்சி ஒன்றை நிறுத்தலாம். அதுவும் ஆக்டிவாக 10051க்கே பேசும். அதிலும் ஆஃப்லைன் பஃபர் ஒரு மணி நேரம்தான் என்பதால் 72 மணி நேரம் என்று மாற்ற மறக்காதீர்கள்.

மாற்றும்போது இடறும் இடங்கள் சில. ஏஜென்டின் அமைப்புக் கோப்பில் சர்வர்ஆக்டிவ் வரியில் எபேன் முகவரி வேண்டும். ஹோஸ்ட்நேம் வரியும் ஸாபிக்ஸ் திரையில் உள்ள ஹோஸ்ட் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், பெரிய எழுத்து சிறிய எழுத்து உட்பட. எதையெல்லாம் அளப்பது என்று சொல்லும் டெம்ப்ளேட்டையும் ஆக்டிவ் என்று பெயரிலேயே உள்ளதாக மாற்ற வேண்டும். பலர் இங்கேதான் விடுகிறார்கள். போர்ட் சரி, பெயர் சரி, ஐட்டம் (அளக்கும் ஒவ்வொரு விஷயமும்) மட்டும் பாசிவாகவே கிடக்கும். இன்னொன்று: ஏஜென்ட் செத்துப்போனால் அழைப்பே வராது, அவ்வளவுதான். அதனால் பத்து நிமிடம் தகவல் வராவிட்டால் கூவும்படி நோடேட்டா டிரிகர் (எச்சரிக்கை விதி) ஒன்று வையுங்கள்.

கிளைகளின் ஐபி அடிக்கடி மாறும் என்றால் 10051ஐ முகவரி வைத்துக் கட்டுப்படுத்த முடியாது. பிஎஸ்கே சாவி, அதாவது இரு பக்கமும் முன்பே பகிர்ந்துகொள்ளும் இரகசியச் சாவி போடுங்கள். 64 பதினாறடிமான (ஹெக்ஸ்) இலக்கங்கள், கிளைக்கு ஒரு சாவி, ஸாபிக்ஸ் பயனர் மட்டும் படிக்கக்கூடிய கோப்பு. சாவியின் அடையாளப் பெயர் மறையாக்கம் இல்லாமலே போகும், அதில் இரகசியம் எதையும் எழுதாதீர்கள். ஸாபிக்ஸ் திரையில் அந்த ஹோஸ்டின் பக்கத்திலும் இதே சாவியைப் பதிய வேண்டும், பிஎஸ்கே தவிர மற்றதை ஏற்காதபடி.

ஃப்ளாக்கில் முதலில் செய்து பாருங்கள், ரோட்ரிக்ஸைக் கடைசியில் தொடுங்கள். ஏஜென்ட் பதிவுக் கோப்பில் ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட் என்று வந்தால் பெயரைத்தான் சரிபார்க்க வேண்டும். அப்போதும் போகவில்லையென்றால் அந்த வரியை அப்படியே நகலெடுத்து அனுப்புங்கள்.