செம்பனைக் குலையின் நானோ இழையில் பாலிமர் ஒட்டுதல்: கேள்வி பதில்

பட்டர்வொர்த் வாசகர்: காய் உதிர்த்த செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலையிலிருந்து எடுத்த நானோ செல்லுலோஸை (தாவர நாரின் மிக நுண்ணிய துகள்களை) மக்கும் பிளாஸ்டிக்கில் அப்படியே கலக்கக் கூடாதா?

கலக்கலாம், ஆனால் சேராது. செல்லுலோஸ் நீரை விரும்பும், மக்கும் பிளாஸ்டிக்கான பாலிலாக்டிக் அமிலமோ நீரை ஒதுக்கும். துகள்கள் தங்களுக்குள் திரண்டு படலத்தில் வெண்புள்ளிகளாக நிற்கும். இழுத்தால் அங்கேதான் முதலில் கிழியும். மாமரத்தில் ஒட்டுக் கட்டுவதைப் போலத் துகளின் மேற்பரப்பிலேயே பாலிமர்ச் சங்கிலியை (சிறு மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி) பிணைத்துவிட்டால் இந்தப் பகை தணியும்.

நிபோங் தெபால் மாணவி: ஆயத்தச் சங்கிலியை ஒட்டுவதா, மேற்பரப்பிலிருந்தே வளர்ப்பதா?

வளர்ப்பதையே நான் விரும்புகிறேன். ஆயத்தச் சங்கிலியின் நீளம் முன்பே தெரியும் என்றாலும், முதலில் அமர்ந்தவை பின்னால் வருபவற்றுக்கு இடம் விடுவதில்லை. வளர்க்கும்போது செல்லுலோஸின் ஹைட்ராக்சில் (OH) தொகுதியே தொடக்கப் புள்ளியாகிறது. வெள்ளீய ஆக்டோயேட் வினையூக்கியின் உதவியால் கேப்ரோலாக்டோன் என்னும் வளைய வடிவச் சிறு மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகத் திறந்து அதில் கோத்துக்கொள்கின்றன.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: வினைக்குப் பின் எடை கூடியது, அகச்சிவப்பு நிறமாலையில் 1730 செ.மீ⁻¹ அருகே புதிய முகடும் வந்தது. ஒட்டிவிட்டது என்று எழுதலாமா?

தயவுசெய்து இப்போது எழுதாதீர்கள். ஒட்டாமல் தனியே வளர்ந்த பாலிமரும் அதே முகட்டைத்தான் காட்டும். கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் சாக்ஸ்லெட் கருவியில், ஒட்டாத பாலிமரைக் கரைக்கும் டைகுளோரோமீத்தேனால் நெடுநேரம் கழுவிய பிறகும் முகடு நின்றால்தான் அது பிணைப்பு. தனிச்சங்கிலி உருவாவதற்கு முதற்காரணம் ஈரம்: ஒவ்வொரு நீர் மூலக்கூறும் தானே ஒரு சங்கிலியைத் தொடங்கிவிடும். நம் பினாங்குக் காற்றில், உலர்த்திய பொடியை மூடாமல் தராசுக்கு எடுத்துச் செல்லும் சில நிமிடங்களே போதும். என் முதல் தொகுதி அப்படித்தான் வீணாயிற்று, கழுவி முடித்தபோது ஏறிய எடையில் பெரும்பகுதி குடுவையின் அடிக்கரைசலில் கிடந்தது. எனவே பொடியாக உலர்த்துவதற்குப் பதிலாக, நீரிலிருந்து அசிட்டோன் கரைப்பானுக்கும், அதிலிருந்து டொலுவீன் கரைப்பானுக்கும் இழைகளை முழுவதும் உலரவிடாமலே மாற்றுங்கள். உலர்ந்தால் அவை ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகி, மீண்டும் எளிதில் பிரியா. பிறகு டொலுவீனில் கொஞ்சத்தை வடித்தெடுத்தால் மிஞ்சிய நீரும் ஆவியோடு வெளியேறிவிடும்.

ஜார்ஜ்டவுன் வாசகர்: கந்தக அமிலத்தால் பிரித்த நானோ செல்லுலோஸ் படிகம் சூட்டில் பழுப்பாகிறதே?

மேற்பரப்பில் தங்கும் சல்பேட் தொகுதிகளே காரணம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிரித்தால் வெப்பம் தாங்கும். ஆனால் நீரில் நன்றாகப் பரவாது.

புக்கிட் மெர்தாஜாம் வாசகர்: ஒட்டிய பொருளைத் தோட்டத்து மண்ணில் புதைத்தால் மக்குமா?

செல்லுலோஸ் மக்கும். பாலிலாக்டிக் அமிலம் 58 பாகை செல்சியஸ் அளவில் இயங்கும் தொழிற்சாலை உரக்குவியலில் சில மாதங்களில் சிதையும். நம் வீட்டு மண்ணின் வெப்பத்தில் மிக மெதுவாகத்தான் சிதையும். உணவுப் பொட்டலத்துக்காகச் செய்கிறீர்கள் என்றால், எஞ்சிய வெள்ளீயத்தின் அளவையும் கட்டாயம் சோதியுங்கள்.