ஜூகோர்: ‘கோர்’ எங்கிருந்து வந்தது?

விலங்குகளால் விதை பரவும் தாவரத்தை ‘ஜூகோர்’ என்கிறார்களே, அதன் பின்பாதி ‘கோரஸ்’ என்ற சொல்லோடு தொடர்புடையதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஆனால் குழப்பம் நியாயமானதுதான், ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன.

கிரேக்கத்தில் இவை தனித்தனிச் சொற்கள். ‘கொரொஸ்’ என்றால் கூத்து, ஆடிப்பாடும் குழு. அதில் ஒகரம் குறில். நம் சொல்லில் இருப்பது ‘கோரெயோ’ என்ற வினை. இங்கே ஓகாரம் நெடில். இடம் விடுதல், நகர்ந்து செல்லுதல், பரவுதல் என்றெல்லாம் பொருள்படும். இடம், நாடு என்னும் பொருளுள்ள ‘கோரா’வும் இதற்கு உறவு. குறில் நெடில் பார்த்துப் பழகிய நமக்கு இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடும்.

முன்பாதி ‘ஜோயோன்’, அதாவது விலங்கு. ஆக, விலங்கோடு இடம்பெயர்வது. தாவரம் ஜூகோர், அப்படிப் பரவும் முறை ஜூகோரி.

அப்புறம், முன்னொட்டு ஒன்றைச் சேர்த்தாலோ முன்பாதியையே மாற்றினாலோ பரவும் வழி மாறும். ‘எண்டோ’ உள்ளே: பழத்தோடு விழுங்கப்பட்டு எச்சத்தில் வெளிவரும் விதை. ‘எபி’ மேலே: வேட்டியில் ஒட்டிக்கொண்டு வரும் நாயுருவி. எனக்கு மிகவும் பிடித்தது ‘மிர்மிகோகோரி’. ‘மிர்மேக்ஸ்’ என்றால் எறும்பு. ஸ்வீடன் தாவரவியலாளர் ருட்கர் செர்னாண்டர் இதைப் பற்றி 1906-இல் ஒரு பெரிய ஆய்வு நூலே எழுதினார். ஆமணக்கு விதை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் வெளிறிய சிறு குமிழ் தெரியும். அந்தக் கொழுப்புத் தீனிக்காகத்தான் எறும்பு விதையையே புற்றுக்கு இழுத்துப் போகிறது.