முதலில் காது, பிறகு கண்: வெப்கேம் வீடியோ பற்றி வாசகர் கேள்விகள்

வெப்கேம் முன்னால் உட்கார்ந்து ஓரிரு நிமிடம் பேசி, அதைப் பதிவு செய்து அனுப்புவது பற்றித் தொண்டி முதல் சாயல்குடி வரை கடலோர ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. பல கடிதங்கள் ‘எந்த கேமரா வாங்கலாம்?’ என்றுதான் தொடங்குகின்றன. அவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். வீடியோவைக் கெடுப்பது பெரும்பாலும் ஒலி. அடுத்தது வெளிச்சம். கேமராவின் முறை அதற்குப் பிறகுதான் வருகிறது.

எங்கள் வீடு பாம்பனில், தென்கடல் பக்கம். ஆடி மாதத்தில் எதைப் பதிவு செய்தாலும் ‘புர்ர்’ என்ற இரைச்சல்தான் கேட்கிறது. இதை நீக்க மென்பொருள் உண்டா?

காற்று மிஞ்சினால் பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்திவைக்கிறார்கள். மைக் பாவம், என்ன செய்யும்?

மென்பொருள் இருக்கிறது. ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். நம் காதுக்குக் கேட்கும் காற்றுச் சத்தம் வேறு, நீங்கள் சொல்லும் ‘புர்ர்’ வேறு. காற்று மைக்கின் துளையில் நேராக மோதி, உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வை உலுக்குவதால் வருவது இது. அந்த நேரத்தில் உங்கள் குரலும் அதற்குள் மூழ்கிவிடுகிறது. பிறகு இரைச்சலைச் சுரண்டி எடுக்கும்போது குரலின் கனமும் சேர்ந்து போய்விடும். ‘ச’வும் ‘ஸ’வும் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

காற்றை மைக்கிடம் வரவிடாமல் தடுப்பதே வழி. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வீட்டின் வடகிழக்கு அறையில் பதிவு செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசும்போது தெற்கு அறைக்கு மாறிக்கொள்ளுங்கள். தென்கடல் கொந்தளிக்கும் காலத்தில் வடகடல் அடங்கிக் கிடப்பதை அறிந்த ஊர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பேசும் இரண்டு நிமிடத்துக்கு மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வியர்க்கும்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மடிக்கணினியின் சொந்த மைக்கை விட, கைபேசியில் செருகும் ஒயர் இயர்போனின் மைக் இதற்கு மேல். மடிக்கணினி சூடானால் அதன் உள்விசிறியே இரைய ஆரம்பிக்கும். இயர்போன் மைக் அதிலிருந்து விலகி, வாய்க்கு அருகில் இருக்கிறது. வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, மூச்சு நேராகப் படாதபடி சற்றுப் பக்கவாட்டில் அதை ஊக்கால் குத்திவையுங்கள். தொங்கவிட்டால் சட்டைக் காலரிலும் சேலைத் தலைப்பிலும் உரசி ‘கரகர’ என்று கேட்கும். மைக் மேல் மாட்டும் சின்னப் பஞ்சுத் தொப்பி மலிவாகவே கிடைக்கிறது. ஒலிக்காகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் அது ஒன்றுதான்.

இன்னொன்று. புதிதாகக் கட்டிய கான்கிரீட் வீட்டின் வெற்று அறையில் பேசினால் குரல் சுவரில் மோதித் திரும்பும். மெத்தை, தலையணை, கொடியில் காயும் துணி எல்லாம் இருக்கும் அறைதான் நல்லது. படத்தில் அவை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

புளூடூத் இயர்போன் பயன்படுத்தலாமா? (உச்சிப்புளி)

பாட்டுக் கேட்கலாம். பதிவு செய்ய வேண்டாம். புளூடூத் இயர்போனின் மைக்கை இயக்கியதும் கணினி பெரும்பாலும் தொலைபேசி உரையாடல் முறைக்கு மாறிவிடுகிறது. ஒலியின் தரம் சட்டென்று இறங்கிவிடும். உதட்டசைவுக்குப் பின்னால் குரல் வந்து சேருவதும் உண்டு.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், தங்கச்சிமடம். கடல் தெரியும் ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து பாடங்களைப் பதிவு செய்கிறேன். கடல் அழகாகத் தெரிகிறது, என் முகம்தான் இருட்டாக இருக்கிறது.

ஐயா, கேமராவுக்கு உங்கள் முகம் முக்கியம், கடல் முக்கியமில்லை என்பது தெரியாது. படத்தில் விழும் மொத்த வெளிச்சத்தையும் கணக்குப் போட்டு, சராசரி சரியாக வரும்படி அது தன்னைத்தானே திருத்திக்கொள்கிறது. உங்கள் முதுகுக்குப் பின்னால் வெயிலில் மின்னும் கடல் இருந்தால், அதிகம் என்று நினைத்து எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குறைத்துவிடும்.

மேசையைத் திருப்பிப் போடுங்கள். ஜன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கட்டும்; மடிக்கணினி இரண்டுக்கும் நடுவில். கிழக்குப் பார்த்த ஜன்னலாக இருந்து காலை வெயில் நேராக அடித்தால் ஒரு பக்கக் கன்னம் வெளுத்து, மறுபக்கம் கறுத்துப்போகும். அப்போது ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டிவிடுங்கள். முகம் முழுவதும் ஒரே சீராக வெளிச்சம் பரவும். கடைகளில் விற்கும் வட்ட விளக்குகளை விட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

கண்ணாடி அணிந்திருக்கிறீர்கள் என்றால், அதில் திரையின் வெளிச்சம் நீலக் கட்டமாகத் தெரியும். திரையின் ஒளியைக் குறையுங்கள். கண்ணாடியின் காதுக் கம்பிகளைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் கண்ணாடிச் சில்லு கீழ்நோக்கிச் சாயும். பிரதிபலிப்பு கேமராவின் பார்வையிலிருந்து விலகிவிடும். தூய வெள்ளைச் சட்டையைத் தவிர்த்து நீலமோ சாம்பலோ அணிந்து பாருங்கள். சட்டையின் வெளுப்பைப் பார்த்தும் கேமரா முகத்தை இருட்டாக்கிவிடும்.

வெளிச்சம் குறைவான அறையில் படம் விட்டுவிட்டு ஓடுவதாக இன்னும் சிலர் எழுதியிருக்கிறார்கள். அதற்கும் மருந்து இதே ஜன்னல்தான். இருட்டில் ஒவ்வொரு படத்துக்கும் கேமரா அதிக நேரம் எடுத்துக்கொள்வதால், நொடிக்கு 30 வர வேண்டிய படங்கள் பாதியாகக் குறைந்துவிடும்.

என் மகன் துபாயில் இருக்கிறான். அவன் வேலை முடிந்து வரும்போது நான் தூங்கிவிடுகிறேன். அதனால் வீடியோவில் பேசி அனுப்பப் பேத்தி கற்றுக்கொடுத்தாள். ‘உம்மா, என்னைப் பார்க்காமல் கீழே யாரைப் பார்த்துப் பேசுகிறீர்கள்?’ என்று கேட்கிறான். பதிவாகிறது என்று காட்டும் சிவப்பு எழுத்து வந்ததும் எனக்கு வாய் உலர்ந்துவிடுகிறது. (கீழக்கரை)

அம்மா, நீங்கள் திரையில் தெரியும் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுகிறீர்கள். எல்லோரும் செய்வதுதான். மகன் இருக்கும் இடம் திரைக்கு மேலே இருக்கும் அந்தச் சின்னத் துளை. மகனின் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று வீட்டில் இருக்கும். துளைக்குப் பக்கத்தில், அதை மறைக்காமல், ஒட்டிவிட்டு அந்தப் படத்திடம் பேசுங்கள். பேத்தியிடம் சொல்லி, உங்கள் முகம் தெரியும் கட்டத்தைச் சிறிதாக்கித் திரையின் மேல்விளிம்புக்கு நகர்த்தச் சொல்லுங்கள். மடிக்கணினியைத் தடித்த புத்தகங்கள் மேலோ பெட்டி மேலோ ஏற்றி, துளை உங்கள் கண்ணுக்கு நேராக வரும்படி வைக்க வேண்டும். இல்லையென்றால் மகனுக்கு உங்கள் தாடையும் மேலே சுற்றும் மின்விசிறியும்தான் தெரியும்.

பயத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் உங்கள் ஊரில் கேசட்டில் பேசி, வளைகுடாவுக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பினார்கள். எதிரில் பதில் சொல்ல ஆளில்லாமலே ஊர்ச் செய்தி முழுவதையும் ஒரு டேப் ரெக்கார்டரிடம் சொன்ன தலைமுறை உங்களுடையது. இப்போது முகம் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பொத்தானை அழுத்தியவுடன் பேச ஆரம்பிக்காதீர்கள். இரண்டு மூச்சு விட்டுவிட்டு ஸலாம் சொல்லுங்கள். முன்னால் இருக்கும் மௌனத்தைப் பேத்தி வெட்டிவிடுவாள். நடுவில் வார்த்தை தடுக்கினால் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். தடுக்கிய வாக்கியத்தை மட்டும் திரும்பச் சொல்லிவிட்டு மேலே போங்கள். மகனுக்கு வேண்டியது செய்தி வாசிப்பவர் இல்லை.

ஒரு வீடியோவில் ஒரு விஷயம் மட்டும் பேசுங்கள். வீட்டு ரிப்பேர்ச் செலவு ஒன்றில், தங்கையின் சம்பந்தப் பேச்சு இன்னொன்றில். இரண்டையும் கலந்து பத்து நிமிடம் பேசினால், செலவுக் கணக்கை மறுபடி கேட்க அவன் முழுவதையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அவன் இரவு 10 மணிக்கு அறைக்குத் திரும்பும்போது இங்கே 11.30. அந்த அசதியில் இரண்டு நிமிட வீடியோ என்றால் உடனே பார்ப்பான்.

என் கேமரா 720பி தரம்தான். போதுமா? (ராமேஸ்வரம்)

தாராளமாக. 720பி என்றால் படத்தில் மேலிருந்து கீழாக 720 வரிசைப் புள்ளிகள். பார்க்கிறவர் பெரும்பாலும் கைபேசியில்தான் பார்க்கப்போகிறார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் 1991இல் வைத்த கேமராவைத்தான் உலகின் முதல் வெப்கேம் என்பார்கள். அது காட்டியது 128க்கு 128 புள்ளிகளில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். காபிப் பாத்திரம் காலியா என்று எழுந்து போகாமலே தெரிந்துகொள்ள வைத்தது. காபி இருக்கிறதா, இல்லையா? அதைச் சொல்ல அந்தப் படம் போதுமாக இருந்தது.

சாயல்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்கிறேன். வெளியூர் கடைக்காரர்களுக்கு வீடியோ அனுப்புகிறேன். அட்டைப் பெட்டியில் உள்ள எழுத்து திரையில் திரும்பித் தெரிகிறது. கருப்பட்டியும் தார்க்கட்டி போல இருக்கிறது.

பதிவு செய்யும்போது நமக்குக் காட்டுவது கண்ணாடிப் பிம்பம். தலைமுடியைச் சரிசெய்ய வசதியாக இருக்கட்டும் என்று அப்படிக் காட்டுகிறார்கள். பெரும்பாலான செயலிகளில் பதிவாகும் வீடியோ நேராகத்தான் இருக்கும். ஐந்து நொடி பதிவு செய்து போட்டுப் பாருங்கள். அதிலும் எழுத்து திரும்பியிருந்தால் மட்டும், அமைப்புகளில் கண்ணாடிப் பிம்பம் என்பதை அணைத்துவிடுங்கள்.

கருப்பட்டியை வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்திருப்பீர்கள். ஆசிரியருக்குச் சொன்ன அதே கதைதான்: வெள்ளையைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிட்டது. பனையோலைப் பாய் மேலோ ஓலைக்கொட்டான் உள்ளேயோ வைத்துக் காட்டுங்கள். பழுப்பு நிறம் அப்படியே வரும், சரக்குக்கும் அது பொருத்தம். உடைத்த பக்கத்தைக் காட்ட நினைத்துக் கேமராவுக்கு முன்னால் நீட்டினால் மங்கிவிடும். பல மடிக்கணினிக் கேமராக்களில் ஃபோகஸ் உட்கார்ந்திருக்கும் ஆளின் தூரத்துக்கென்று நிலையாக வைக்கப்பட்டிருக்கிறது. முகம் காட்டி விலை பேச வெப்கேம், சரக்கைக் கிட்டத்தில் காட்டக் கைபேசியின் பின்பக்கக் கேமரா என்று பிரித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒரு துண்டை உடைக்கும் சத்தத்தையும் மைக்கில் கேட்க விடுங்கள். வாங்குகிறவருக்கு அந்தச் சத்தத்திலேயே பதம் தெரியும்.

டியூப்லைட் வெளிச்சத்தில் பதிவு செய்தால் படத்தில் கோடுகள் மேலிருந்து கீழாக நகர்கின்றன. (தொண்டி)

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று; டியூப்லைட்டின் வெளிச்சமும் அதற்கேற்பத் துடிக்கிறது. உங்கள் கேமரா 60 ஹெர்ட்ஸுக்கு அமைந்திருக்கலாம். விண்டோஸ் கேமரா செயலியின் அமைப்புகளில் ஒளித்துடிப்பைக் குறைக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. அதில் 50 என்று மாற்றுங்கள். பகலில் எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

நாங்கள் மண்டபம் பகுதி மகளிர் குழு. கடற்பாசி வளர்க்கிறோம். மிதவைகளின் நிலையைப் பேசிப் பதிவு செய்து அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் ‘கோப்பு பெரிது’ என்று திரும்பி வருகிறது.

ஜிமெயிலில் இணைப்பின் வரம்பு 25 மெகாபைட். அனுப்பும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு வரை பருத்துவிடும் என்பதால் 18க்குள் இருந்தால்தான் நிம்மதி. நொடிக்கு 25 லட்சம் பிட் வேகத்தில் பதிவாகும் 720பி வீடியோ, நிமிடத்துக்குச் சுமார் 19 மெகாபைட் வரும். அதாவது ஒரு நிமிடத்திலேயே தாண்டிவிட்டீர்கள். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு வேகத்தை 10 லட்சம் பிட்டாகக் குறைத்தால் நிமிடத்துக்கு 8 மெகாபைட்டுக்குள் அடங்கும். அசையாமல் உட்கார்ந்து பேசும் படத்துக்கு அது போதும்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தானே சுருக்கிக்கொள்ளும். தரம் குறையாமல் போக வேண்டுமென்றால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். யூடியூபில் ‘பட்டியலிடப்படாதது’ என்று ஏற்றி இணைப்பை மட்டும் அனுப்புவதும் உண்டு. ஆனால் இணைப்பு கிடைத்த யாரும் அதைப் பார்க்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். பாசி 45 நாளில் அறுவடைக்கு வருகிறது. பார்க்கிற அதிகாரிக்கு முதலில் தேவைப்படுவது கட்டிய தேதி, எத்தனை மிதவை, அதில் எத்தனை சேதம் என்பவை. முதல் இருபது நொடிக்குள் இந்த மூன்றையும் சொல்லிவிடுங்கள். வணக்கம், வரவேற்பு, குழுவின் வரலாறு எல்லாவற்றையும் விட்டுவிடலாம். வீடியோ தானாகவே ஒரு நிமிடத்துக்குச் சுருங்கிவிடும்.

வேலைக்கு விண்ணப்பிக்க ஒரு நிமிட அறிமுக வீடியோ கேட்கிறார்கள். எழுதிவைத்துப் படிக்கலாமா? (ராமநாதபுரம்)

படித்தால் கண் இடமிருந்து வலமாக ஓடுவது தெரிந்துவிடும். மனப்பாடம் செய்தால் அது குரலில் தெரிந்துவிடும். நான்கே சொற்களைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கேமராவுக்குப் பின்னால் சுவரில் ஒட்டுங்கள்: ஊர், படிப்பு, செய்த வேலை, ஏன் இந்த வேலை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம். உங்கள் பின்னணியில் என்ன தெரிகிறது என்றும் பாருங்கள். சாமி படமோ காலண்டரோ இருப்பதில் தவறில்லை. ஆதார் நகலும் வங்கிப் பாஸ்புத்தகமும் அலமாரியில் திறந்து கிடப்பதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

கேமராவைத் திறந்தால் வெறும் கறுப்புத் திரைதான் வருகிறது. (தேவிபட்டினம்)

முதலில் கேமராவின் மூடியைப் பாருங்கள். பல மடிக்கணினிகளில் நகத்தால் தள்ளும் அளவுக்கு ஒரு சின்ன மூடி இருக்கும். அடுத்து, வேறு ஏதாவது செயலி கேமராவைப் பிடித்துவைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் கேமரா அனுமதியைப் பாருங்கள். ரிப்பேர் கடைக்கு எடுத்துச் செல்வது அதற்கும் பிறகுதான்.

கடற்கரை ஓரம் வீடு. கேமராவைத் துடைத்த மறுநாளே படம் மறுபடி புகை மூட்டமாகத் தெரிகிறது. (வாலிநோக்கம்)

உப்பு. கடற்காற்றில் வரும் ஈரம் கண்ணாடியில் படிந்து காய்ந்ததும் உப்புத் துகள் தங்கிவிடுகிறது, கூடவே மணலும். அதன் மேல் உலர்ந்த துணியை, அதிலும் சட்டை நுனியை, வைத்துத் தேய்ப்பதுதான் கெடுதல். துகள் உருண்டு கண்ணாடியில் கீறல் விழும். கீறல் விழுந்த பிறகு அந்தப் புகை மூட்டம் நிரந்தரம். முதலில் ரப்பர் ஊதியால் தூசியை ஊதித் தள்ளுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியின் ஒரு மூலையில் மட்டும், பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரைத் தொட்டு, அழுத்தாமல் ஒருமுறை ஒற்றி எடுங்கள். உப்பு கரைந்துவிடும். உலர்ந்த மூலையால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். கிணற்று நீர் வேண்டாம், உங்கள் பக்கம் பல கிணறுகளில் உப்புதான் ஊறுகிறது. வேலை இல்லாத நேரத்தில் மடிக்கணினியை மூடி உறைக்குள் வைத்துவிட்டால் தினமும் துடைக்க வேண்டியிருக்காது. தனியாக மாட்டும் வெப்கேம் என்றால் மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள்.