மணியா, நட்சத்திரமா? காம்பானுலா கேள்வி பதில்

கேள்வி (நாகலூர்): வாங்கிய பூச்செடித் தொட்டியில் ‘காம்பானுலா’ என்று மட்டும் சீட்டு இருக்கிறது. அதில் டால்மேஷியன் வகையா, செர்பியன் வகையா?

பதில்: ஒரு பூவைப் பறித்துப் பக்கவாட்டில் பிடியுங்கள். அடியில் குழலாக ஒட்டி, விளிம்பில் மட்டும் பிரிந்து மணிபோல் குழிந்திருந்தால் டால்மேஷியன், தாவரவியல் பெயரில் போர்ட்டென்ஷ்லாகியானா. நிறம் அடர் ஊதா. பிளவு ஆழமாகப் போய் நட்சத்திரமாக விரிந்து, வெளிர் நீலமாக, நடுவில் வெளுத்திருந்தால் செர்பியன், போஷார்ஸ்கியானா. பூ இல்லாத மாதமா? தண்டைப் பாருங்கள். டால்மேஷியன் ஒரு சாணுக்குள் மெத்தையாக அடங்கும். செர்பியன் தொட்டியைத் தாண்டித் தொங்கும்.

கேள்வி (ஏற்காடு): கருங்கல் சுவர் இடுக்கில் எதை வைக்கலாம்?

பதில்: இரண்டுக்கும் பூர்வீகம் பால்கன் பகுதியின் சுண்ணாம்புப் பாறை மலைகள். இடுக்கு என்றால் இரண்டுக்கும் கொண்டாட்டம்தான். நான் டால்மேஷியனைத்தான் சொல்வேன். செர்பியன் போகிற வழியெல்லாம் வேர்விடும். எங்கள் படிக்கட்டோரம் அதில் ஒரு கொத்து நட்டேன். மூன்றாம் வருடம் பக்கத்திலிருந்த பெரணியை, இதன் கொடிகளை விலக்கித் தேட வேண்டியதாயிற்று. ஆனால் தொங்கு தொட்டிக்குச் செர்பியனுக்கு ஈடு இல்லை.

கேள்வி (ஏற்காடு): ஐப்பசி மழையில் அழுகிவிடுகிறதே?

பதில்: குளிரை இந்தச் செடிகள் நன்றாகவே தாங்கும். தேங்கும் தண்ணீர்தான் எமன். மண்ணில் மூன்றில் ஒரு பங்கு பொடி ஜல்லி கலந்து, தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வையுங்கள். தண்டு மண்ணைத் தொடும் இடத்திலும் ஜல்லியைப் பரப்புங்கள். அடைமழை நாளில் தாழ்வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

கேள்வி (அம்மாபேட்டை): சேலத்தில் வளருமா?

பதில்: ஆசைக்கு வாங்கிச் செடியைச் சாகடிக்க வேண்டாம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. சித்திரை வெயிலை இவை தாங்காது. அதே குடும்பத்து லொபிலியாவைப் பனிக்காலத்தில் வையுங்கள். வெயில் ஏறும்வரை நீலப்பூ கிடைக்கும்.

கேள்வி (சூரமங்கலம்): வாசலில் பூக்கும் மஞ்சள் டெக்கோமாவும் மணி வடிவம்தானே, உறவா?

பதில்: வடிவம் மட்டும்தான். டெக்கோமா நம் மரமல்லியின் குடும்பம். காம்பானுலா இலையைக் கிள்ளினால் காம்பில் வெள்ளையாகப் பால் துளிர்க்கும். டெக்கோமாவில் பால் வராது.

கேள்வி (நாகலூர்): விதை போட்டேன், முளைக்கவே இல்லை.

பதில்: மண்ணால் மூடியிருப்பீர்கள். தூள் மாதிரி விதை அது, முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலே தூவி லேசாக அழுத்தினால் போதும். அதைவிடச் சுலபம், பூ ஓய்ந்ததும் கொத்தை வேரோடு பிரித்து நடுவது.